பொட்டிபுரத்துக்கு வரலாறு உண்டா?

சென்ற மாதம் நண்பரின் மகள் என்னைப் பார்க்க வந்திருந்தாள். முதுகலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பட்டத்துக்காக ஓர் ஆய்வேடு எழுதவேண்டும். ஆறு மாத அவகாசம், அறுபது பக்கம். வழக்கமான தலைப்புகள் சிலவற்றை ஒரு தாளில் குறித்து வந்திருந்தாள். மதுரை நாயக்கர்களின் ஆட்சிமுறை, பாளையக்காரர் கிளர்ச்சி, விடுதலைப் போரில் மதுரை மாவட்டம். இவற்றில் எதை எடுத்தால் எளிதாக இருக்கும் என்பது அவள் கேள்வி.

அவளுடைய சொந்த ஊர் போடிக்குத் தெற்கே, பொட்டிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூர். “உன் ஊரைப் பற்றியே எழுதலாமே” என்றேன். சிரித்துவிட்டாள். “எங்க ஊர்ல அப்படி ஒண்ணும் வரலாறு கிடையாது மாமா. நியூட்ரினோ மட்டுந்தான்.”

அந்தப் பதில் பல நாட்கள் என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருந்தது. வரலாறு என்பது வேறெங்கோ, அரண்மனையிலும் போர்க்களத்திலும் தலைநகரங்களிலும் நடந்து முடிந்த ஒன்று என்ற எண்ணத்தைப் பள்ளிப்பாடம் நம் எல்லோருக்கும் ஊட்டியிருக்கிறது. வரலாற்றையே முதன்மைப் பாடமாக எடுத்துப் படிக்கும் ஒரு பெண்ணும் அதற்கு விலக்கல்ல. அவளுக்குச் சொன்னவற்றையும், அப்போது சொல்ல விட்டுப்போனவற்றையும் இங்கே தொகுத்து எழுதுகிறேன். வரலாற்று மாணவர்கள் மட்டுமின்றி, தம் ஊரைப் பற்றி எழுத நினைக்கும் இலக்கிய வாசகர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் அந்த நியூட்ரினோவையே எடுத்துக்கொள்வோம். 1965ஆம் ஆண்டு கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்கள் முதன்முதலாகப் பதிவாயின. அந்த மரபின் தொடர்ச்சியாக இந்தியாவில் ஒரு நிலத்தடி ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டார்கள். நீலகிரியின் சிங்காராவுக்கு 2009இல் அனுமதி மறுக்கப்படவே, பார்வை பொட்டிபுரத்தின் அம்பரப்பர் மலைமீது திரும்பியது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. பின்னர் பசுமைத் தீர்ப்பாயம், மீண்டும் ஓர் அனுமதி, மீண்டும் வழக்கு. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு இத்திட்டத்துக்குத் தன் எதிர்ப்பை உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இத்தனை ஆண்டுகளில் பொட்டிபுரம் என்ற பெயர் செய்தித்தாள்களில் பலமுறை அச்சாகியிருக்கிறது. பாறையின் உறுதி, சுரங்கத்தின் நீளம், மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவிலிருந்து உள்ள தொலைவு என எல்லாமே அளக்கப்பட்டு எழுதப்பட்டன. திட்டத்தை ஆதரித்தவர்களுக்கு அது ஓர் உறுதியான பாறை. எதிர்த்தவர்களுக்கு அது அழியக்கூடிய ஒரு சூழல். ஆனால் அந்த மலையடிவாரத்தில் தலைமுறைகளாக ஆடுமாடு மேய்த்தவர்கள் யார், விறகுக்கு எந்தப் பாதையில் ஏறினார்கள், மலைக்கு அப்பாலிருந்த ஏலத் தோட்டங்களுக்கு எப்படிப் போய்வந்தார்கள்? இவற்றுக்கு விடை தேடினால் கையில் கிடைப்பது மிகக் குறைவு. வரலாறு இல்லாத ஊர் என்று அவள் நினைத்ததற்குக் காரணம் இதுதான். அந்த ஊருக்கு நேர்ந்தவற்றை யாரும் எழுதி வைக்கவில்லை. ஓர் ஊரின் தலைவிதி பற்றிய வாதங்கள் நீதிமன்றம் வரை போகும் காலத்தில், எழுதப்படாமல் இருப்பது சிறிய குறை அல்ல.

எழுத முற்படும் மாணவர் முதலில் சறுக்கும் இடம் தலைப்பு. ‘பொட்டிபுரத்தின் வரலாறு’ என்பது தலைப்பாகத் தோன்றும். ஆனால் அது ஒரு பரப்பு மட்டுமே. எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எதைச் சேர்ப்பது என்று சொல்லும் வலிமை அதற்குக் கிடையாது. இப்படித் தொடங்கப்படும் ஆய்வேடுகள் பெயர்க்காரணத்தில் தொடங்கி, கோயில் தலபுராணத்தைத் தொட்டு, கடைசியில் மக்கள்தொகைக் கணக்கில் போய் நின்றுவிடும். ஆய்வுக்கு வேண்டியது ஒரு கேள்வி. ‘போடியின் வணிக வரலாறு’ ஒரு பரப்பு என்றால், ‘ரயில் வந்தபின் போடியின் ஏலக்காய் வணிகம் எவ்வாறு மாறியது?’ என்பது கேள்வி. மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் 1928இல் வந்தது. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளங்களைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். 1950களில் மீண்டும் போட்டார்கள். அகலப்பாதை வேலைக்காக 2010 இறுதியில் நின்றுபோன ரயில், 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்குத் திரும்ப வந்தது. ஒரே ஊருக்கு ரயில் வந்து, போய், வந்து, போய், மீண்டும் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் மூட்டைகள் எந்த வழியாகப் போயின என்று கேட்டாலே ஆய்வு தொடங்கிவிடும்.

கேள்வி கிடைத்ததும் அதை மூன்று சோதனைகளுக்கு உட்படுத்தவேண்டும். இதற்கான விடை எனக்கு முன்கூட்டியே தெரியுமா? தெரியுமென்றால் அது ஆய்வு ஆகாது. விடைக்கான சான்று, என் கைக்கும் கால்களுக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறதா? ஒரே ஆள் ஆறு மாதத்தில் முடிக்கக்கூடியதா? பெரும்பாலான நல்ல ஆசைகள் மூன்றாவது சோதனையில்தான் விழும். விழட்டும். கேள்வியைக் கைவிடாமல், அதைச் சுருக்கினால் போதும்.

சிறிய கேள்வியிலிருந்து பெரிய வரலாறு கிடைக்குமா என்ற ஐயம் எழலாம். தேனி மாவட்டத்திலேயே அதற்கு ஒரு சான்று உண்டு. 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் பேராசிரியர் கா. ராஜனும் அவருடைய ஆய்வு மாணவர்களும் ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரையோரமாகக் கள ஆய்வு செய்தபோது, புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டார்கள். அவை கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அதுவரை கிடைத்திருந்த எழுத்துள்ள நடுகற்களோ பல நூற்றாண்டுகள் பிந்தியவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்துபட்ட ஒருவனுக்காக எடுக்கப்பட்டது. சங்கப் பாடல்களில் மட்டுமே நாம் படித்துவந்த ஆகோளும் நடுகல்லும், மாடு மேய்க்கும் ஊர் ஒன்றில் கல்லாகவே நின்றிருந்தன. எழுத்து அரசருக்கும் வணிகருக்கும் துறவியருக்கும் மட்டும் உரியதாக இருக்கவில்லை என்பதற்கு அது முக்கியமான ஆதாரம். இதை அதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லக்கூடும். ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடப்பவர்களுக்குத்தான் அத்தகைய அதிர்ஷ்டம் வாய்க்கும்.

இனிச் சான்றுகளுக்கு வருவோம். அச்சான நூல்களிலிருந்து தொடங்குவது நல்லது. நெல்சன் 1868இல் எழுதிய மதுரை நாட்டு மானுவல், பிரான்சிஸ் 1906இல் தொகுத்த மதுரை மாவட்ட கெசட்டியர், அதே ஆண்டு வெளிவந்த நாகமையாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மலையின் கிழக்குச் சரிவு சென்னை மாகாணத்துக்கும் மேற்குச் சரிவு திருவிதாங்கூருக்கும் உரியதாக இருந்ததால், ஒரே மலையை இரண்டு அரசுகளின் கண்களால் பார்க்க நேரிடும். எழுதியவர்கள் அதிகாரிகள் என்பதையும் மறந்துவிடக்கூடாது. வரி எங்கே வருகிறதோ அங்கே அவர்கள் கண் கூர்மையாகும். வரி வராத இடத்தில் ஒரு வரியோடு கடந்துவிடுவார்கள்.

ஆவணம் என்றாலே அது மறுக்கமுடியாத உண்மை என்று நம்பும் மாணவர்களுக்கு ஏலமலையே ஒரு நல்ல பாடம் வைத்திருக்கிறது. திருவிதாங்கூர் அரசு 1897இல் ஏலமலைக் காப்புக்காடு பற்றி ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதிலுள்ள பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்ற சர்ச்சை நூற்றாண்டு கடந்து உச்ச நீதிமன்றத்தில் நிற்கிறது. கேரள அரசு சிறிய எண்ணைச் சொல்கிறது. சுற்றுச்சூழல் அமைப்பினர் பெரிய எண்ணைச் சொல்கிறார்கள். முன்னால் ஓர் ‘2’ இருக்கிறதா இல்லையா என்பதில் இரண்டு லட்சம் ஏக்கரா அடங்கியிருக்கிறது. அங்கே ஏலம் பயிரிடுவோரில் போடி, கம்பம் பகுதிகளைச் சேர்ந்த தமிழர்களும் உண்டு. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அப்பகுதியில் புதிய பட்டாக்கள் வழங்குவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. படியெடுத்த எண்ணை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார் என்று ஆசிரியர்கள் சொல்வது வெறும் சடங்கு அன்று. எந்தப் பிரதி, யார் எடுத்தது, எப்போது, எதற்காக என்ற நான்கு கேள்விகளையும் ஒவ்வொரு தாளிடமும் கேட்கவேண்டும்.

அரசுத் தாள்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆனால் அங்கே போவதற்குமுன் ஊரிலேயே பார்க்கவேண்டியவை பல. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள பதிவேடுகள், பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, கோயில் வரவு செலவு நோட்டு, ஏலக்காய்க் கடைகளின் பழைய பேரேடுகள், தோட்டக் கணக்குப்பிள்ளை வைத்திருந்த ஆள்கணக்கு, திருமண அழைப்பிதழ், மொய் நோட்டு. இவற்றை யாரும் வரலாற்றுச் சான்று என்று கருதுவதில்லை. அதனாலேயே வீடு வெள்ளையடிக்கும்போதும் கடை கைமாறும்போதும் எடைக்குப் போய்விடுகின்றன. ஏலக்காய் விற்பனை இன்று நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில், போடியிலும் புற்றடியிலும் நடக்கிறது. அதற்கு முந்தைய வணிகத்தைக் காட்டும் கணக்குகளில் எத்தனை இன்னும் பரணில் மிஞ்சியிருக்கும் என்பது போய்க் கேட்டால்தான் தெரியும்.

தாளில் இல்லாதவற்றுக்கு மனிதர்களிடம்தான் போகவேண்டும். அங்கே காலம் நம்மோடு போட்டியிடுகிறது. கொட்டகுடியை எடுத்துக்கொள்வோம். மூணாற்றிலிருந்து குண்டலைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன் வரை 1908 முதல் ஒரு சிறு ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. பிறகு மாட்டுவண்டிகளில் போடிக்கு வந்தன. 1924 பெருவெள்ளத்தில் அந்த ரயில்பாதை அழிந்தது. அந்தப் பாதையைப் பற்றியும் அதை அமைத்த கம்பெனியாரைப் பற்றியும் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. பெட்டிகளை இறக்கியவர்களும் வண்டி ஓட்டியவர்களும் வெள்ளத்துக்குப்பின் எந்தப் பிழைப்புக்குப் போனார்கள்? இதை நேரில் கண்டு சொல்லக்கூடியவர்கள் இன்று உயிரோடு இல்லை. நாற்பது ஆண்டுகளுக்குமுன் ஒரு மாணவர் போய்க் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். இன்று எண்பது வயதைக் கடந்தவர்களிடம் கேட்கக்கூடியவை வேறு: 1956 நவம்பர் 1இல் மாநில எல்லை பிரிந்து தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றபோது, மலைக்கு வேலைக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு என்ன நேர்ந்தது என்பது போன்றவை. அதற்கும் இன்னும் சில ஆண்டுகளே மிச்சம். ஆகவே மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காப்பகத்தைச் சற்றுத் தள்ளிப் போடலாம், கிழவிகளைத் தள்ளிப் போடாதீர்கள்.

இந்த வழியில் நாம் முதலில் நடப்பவர்களும் அல்லர். 1960களின் பிற்பகுதியில் ஆக்ஸ்போர்டின் ரஸ்கின் கல்லூரியில், தொழிலாளர் பின்னணியிலிருந்து படிக்க வந்த மாணவர்களைத் தத்தம் தொழிலின், ஊரின் வரலாற்றை எழுதவைத்தார் ரஃபேல் சாமுவேல். 1978இல் ஸ்வீடன் எழுத்தாளர் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட், நீ நிற்கும் இடத்திலேயே தோண்டு என்ற பொருள்படும் தலைப்பில், தொழிலாளர்கள் தம் ஆலையின் வரலாற்றைத் தாமே ஆராய்வதற்கு ஒரு கையேடு எழுதினார். நம்மிடையே பாளையங்கோட்டையில் நா. வானமாமலை, நெல்லை ஆய்வுக் குழுவையும் 1969 முதல் ‘ஆராய்ச்சி’ இதழையும் நடத்தி, பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்களையும் ஆய்வாளர்களாக ஆக்கிக்காட்டினார். பெரிய நிதியோ கட்டிடமோ அவருக்கு இருக்கவில்லை.

எச்சரிக்கையாக இரண்டு சொல்லவேண்டும். சொந்த ஊரை எழுதும்போது சொந்தச் சாதியின் பெருமையை எழுதிவிடும் ஆபத்து நம்மிடம் மிகுதி. தமிழகத்தில் ஊர் வரலாறு என்ற பெயரில் அச்சாகும் நூல்களில் பல, ஒரு குலத்துக்கு அரச பரம்பரை தேடித் தருபவை. விடையை முதலில் எழுதிவிட்டுச் சான்றைத் தேடும் வேலை அது. என் தாத்தாவைக் குறைத்துக் காட்டும் சான்று கிடைத்தாலும் அதை அச்சிடுவேனா என்று தொடக்கத்திலேயே தன்னைக் கேட்டுக்கொள்ளவேண்டும். மற்றது, நேர்காணல் தருபவரின் ஒப்புதல். எதற்காகக் கேட்கிறோம், எங்கே எழுதுவோம் என்பதைச் சொல்லி, பெயர் வேண்டாமென்றால் பெயரை விட்டுவிடவேண்டும். ஒவ்வொரு குறிப்பின் தலையிலும் நாள், இடம், சொன்னவர், பக்க எண் இருக்கவேண்டும். இதைத் தள்ளிப்போட்ட எனக்கு, எந்த நூலிலிருந்து எடுத்தேன் என்று தெரியாத நல்ல குறிப்புகள் இரண்டு நோட்டு நிறைய இருக்கின்றன. ஒன்றையும் பயன்படுத்த முடியவில்லை.

மீண்டும் அந்தப் பெண்ணிடம் வருகிறேன். “உன் வீட்டில் ஏலத் தோட்டத்து வேலைக்குப் போனவர்கள் யாராவது உண்டா?” என்று கேட்டேன். “அப்பத்தா போயிருக்காங்க. சாக்கலூத்து மெட்டு வழியா நடந்தே போவாங்களாம். இப்ப எல்லாரும் ஜீப்ல போறாங்க” என்றாள். தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டுக்குச் சாலை வேண்டும் என்பது அப்பகுதி மக்களின் நெடுங்காலக் கோரிக்கை. சாலை இல்லாததால் போடிமெட்டு வழியாகவோ கம்பமெட்டு வழியாகவோ சுற்றிக்கொண்டு, அதிகாலை இருட்டில் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்துப் போய்த் திரும்புகிறார்கள். “நடை எப்போது நின்றது? ஜீப் எப்போது வந்தது? அதனால் கூலியும் வேலை நேரமும் வீட்டு வேலையும் எப்படி மாறின? இதுதான் உன் ஆய்வேடு” என்றேன். அவள் நம்பாத முகத்தோடு விடைபெற்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு நோட்டுடன் வந்தாள். முதல் நாள் அப்பத்தாவிடம் “அந்தக் காலம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாளாம். “கஷ்டந்தான்” என்று சொல்லிவிட்டுக் கிழவி வெற்றிலை இடிக்கப் போய்விட்டாள். மறுநாள் கேள்வியை மாற்றியிருக்கிறாள். எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், தூக்குப்போணியில் என்ன கொண்டுபோனீர்கள், ஒரு வாரம் தங்குவீர்களா ஒரு மாதமா, அட்டை கடித்தால் என்ன பூசுவீர்கள், கூலியைக் கையில் தந்தது யார். நோட்டில் பதினொரு பக்கம் நிரம்பியிருந்தது.

ஆனால் ஓர் இடத்தில் அவள் தடுமாறி நின்றிருந்தாள். ஜீப் வந்த வருடம் அப்பத்தாவுக்குத் தெரியவில்லை. கேட்டபோது கிடைத்த பதிலை அப்படியே எழுதி வைத்திருந்தாள்: “வருசமெல்லாம் யாருக்குத் தெரியும்? உங்கப்பன ஒண்ணாப்புல சேத்துவிட்டுட்டு நான் நடந்துதான் மலைக்குப் போனேன். உங்க சின்ன அத்தைய சேத்தப்போ ஜீப்புல போனேன்.”

“வருடம் கிடைக்கவில்லையே மாமா” என்றாள் வருத்தத்தோடு.

அப்பாவும் சின்ன அத்தையும் எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்று கேட்டேன். உள்ளூர்த் தொடக்கப்பள்ளிதான். சேர்க்கைப் பதிவேட்டில் இருவர் சேர்ந்த நாளும் இருக்கும். ஜீப் வந்தது அவ்விரண்டுக்கும் இடையில். பக்கத்து வீடுகளில் இன்னும் நான்கு கிழவிகளிடம் இதே போல் கேட்டால் அந்த இடைவெளி சுருங்கும். இதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. தலைமையாசிரியருக்கு அனுமதிக் கடிதம் எப்படி எழுதுவது என்று கேட்டாள். அங்கேயே உட்கார்ந்து எழுதினோம்.